ரஸ்க் வந்த பருவம்

ஏப்ரல் 24
சுப்பீரியர் ஏரி, கப்பல் சமையலறை

வெர்ன்,

இன்று காலை எங்கள் கப்பல் ஏரிக்கு ஏற்றி இறக்கும் மதகுக்குள் நின்றிருந்தபோது, கரையில் இருந்தவன் ஒருவன் நான்கு நாள் பழைய நம்மூர்ப் பத்திரிகையை மேலே எறிந்தான். மீன் நறுக்கும் மேசையில் விரிக்கலாம் என்றுதான் எடுத்தேன். விளையாட்டுப் பக்கத்தில், அமெரிக்கக் கால்பந்துப் பத்தியில், அவன் முகம். நம் ஊர் ஸ்டோக்கர்ஸ் அணியின் தொப்பியைப் போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு. கீழே பெரிய எழுத்தில், 'புதிய தடுப்பாட்டப் பயிற்சியாளர் கிளேட்டன் ரஸ்க்.'

கத்தி கையிலிருந்து நழுவிக் கால் பக்கத்தில் விழுந்தது. பாத்திரம் கழுவுகிற டியூயி ஓடிவந்தான்.

"என்ன ராஸ், யாராச்சும் செத்துட்டாங்களா?"

"இல்ல. சாகாம நல்லா இருக்கான்" என்றேன்.

எழுத்து கோணலாக இருந்தால் ஏரியில் அலை என்று நினைத்துக்கொள்ளாதே. தண்ணீர் தட்டு மாதிரி கிடக்கிறது.

இந்த நாட்டில் தடுப்பாட்டம் தெரிந்த வேறு ஆளே இல்லையா? உன் கழுத்தை முறித்தவனைத்தான் நம் அணி தேடிப் பிடித்துக் கொண்டுவர வேண்டுமா? உனக்கு அப்போது பதினேழு வயது. ஆஷ்பி பள்ளியோடு ஆட்டம். நீ பந்தை அணைத்துக்கொண்டு ஓடினாய், அவன் குறுக்கே வந்து மோதினான். நான் வேலியைத் தாண்டிக் குதித்து ஓடிவந்தேன். "அக்கா, என் காலை யாராவது நேரா வைங்களேன்" என்றாய். உன் கால்கள் நேராகத்தான் இருந்தன. இருபத்தாறு வருஷமாக அந்த ஒரு வரியைக் கேட்காமல் நான் ஒரு நாளும் தூங்கப் போனதில்லை.

அவன் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அம்மா நடைவழியிலேயே கன்னத்தில் அறைந்தாள். உனக்கு அது தெரியும், ஆனால் நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன். சாகும்வரை அவள் அவன் பெயரைச் சொன்னதில்லை. 'அந்தப் பையன்' என்பாள், அவ்வளவுதான்.

போன ஞாயிறு தொலைபேசியில் மழையைப் பற்றி இருபது நிமிடம் பேசினாயே, அப்போதே உனக்கு இது தெரியும், இல்லையா? இதை நான் தொலைபேசியில் பேச மாட்டேன். பேசினால் கத்துவேன், கப்பல் முழுக்கக் கேட்கும். எழுது.

ராஸ்


மே 6
போர்ட் ஹார்லன்

அக்கா,

விரல் மடங்காத கையில் குச்சியைக் கட்டிக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுகிறவன் நான். சுற்றி வளைப்பது எனக்குக் கட்டுப்படியாகாது. இருந்தாலும் இன்று கொஞ்சம் வளைக்கப் போகிறேன், பொறுத்துக்கொள்.

ஆம், தெரியும். சொல்லத் தைரியம் வரவில்லை.

நீ ஊரில் இல்லாததால் உனக்கு இங்குள்ள நிலைமை புரியாது. போன வருஷம் பதினேழு ஆட்டத்தில் பன்னிரண்டு தோல்வி. ஆட்டத்துக்கு முப்பத்தோரு புள்ளி வாரிக் கொடுத்தோம். பழைய பயிற்சியாளர் இக்கட்டு வந்தாலே எல்லாரையும் பந்து எறிபவன்மேல் பாயவிடுவார், எதிரி அவர்கள் தலைக்கு மேலே பந்தை எறிந்துவிட்டு நிதானமாக நடந்து போவான். ஏப்ரலில் அவர் உடம்பு சரியில்லை என்று திடீரென விலகினார். அடுத்த வாரமே ரஸ்க்.

ஸ்டெல்லா கோவாக்ஸின் மதுக்கடையில் இப்போது வேறு பேச்சே கிடையாது. வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்குப் போயிருந்தேன். ஸ்டெல்லா தட்டை என் முன்னால் வைத்துவிட்டு உப்பு டப்பா, கெட்சப் பாட்டில், வினிகர் எல்லாவற்றையும் மேசைமேல் அணிவகுத்து நிறுத்தினாள்.

"பாரு வெர்ன். நாலு பேர்தான் பாய்வாங்களாம். மிச்சம் ஏழு பேரும் பின்னாடி காவல். அந்த நாலு பேர் யாருன்னு கடைசி வினாடி வரைக்கும் எதிராளிக்கே தெரியாதாம்!"

"எங்க வீட்ல டிவி ரிமோட் யார்கிட்ட இருக்குன்னு கடைசி வரைக்கும் தெரியாது. அதுக்காக நாங்க கோப்பையா ஜெயிச்சிட்டோம்?" என்றான் பட் ஒலின்ஸ்கி.

"நீ வாயை மூடிட்டு மீனைத் தின்னு. பன்னெண்டு வருஷம் கழிச்சு இந்த ஊர்ல ஜனவரியில ஒரு நாக்-அவுட் ஆட்டம் நடக்கப் போகுது, எழுதி வச்சுக்க."

ரஸ்கின் இன்னொரு பயிற்சி முறையைப் பற்றியும் பேசுகிறார்கள். பயிற்சியின் முதல் ஒரு மணி நேரம் தினமும் ஒரே பாடமாம்: ஓடுகிறவனை எப்படி வீழ்த்துவது. தலையைக் கொண்டுபோய் மோதக் கூடாது. தலையை ஒதுக்கித் தோளைக் கொடுத்து, தொடையைக் கட்டிக்கொண்டு உருள வேண்டும். முன்பு அவர் இருந்த கல்லூரியில் ஒன்பது வருஷம் ஒரு பையனுக்குக்கூடக் கழுத்தில் அடிபடவில்லை.

எனக்கும் ஆசை இருக்கிறது அக்கா. இதைப் படித்ததும் நீ மறுபடி கத்தியைக் கீழே போடுவாய். ஆனால் உண்மை. அந்த ஆள் ஜெயிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். தயவுசெய்து எதுவும் செய்துவிடாதே. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வெர்ன்


மே 19
ஹூரான் ஏரி

வெர்ன்,

உன் கடிதம் தபால் படகில் நேற்றுதான் வந்தது. தாமதம். நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன்.

பத்திரிகைக்கு எழுதினேன். அம்மாவைப் பற்றி, உன்னைப் பற்றி, அந்த இரவைப் பற்றி. ஒரு வார்த்தைகூட மிகைப்படுத்தவில்லை. நீ பள்ளிச் சீருடையில் நிற்கும் படத்தையும் அனுப்பினேன். பதினாலாம் தேதி இதழில் பாதிப் பக்கத்துக்குப் போட்டிருக்கிறார்களாம். இரண்டாம் இஞ்சினியரின் மனைவி படித்துவிட்டு அழுதாளாம்.

நீ ஆசைப்படுகிறாயா? எதற்கு? நான்கு பேர் பாய்வதற்கா? தலையை மோதாதே என்று அவன் இப்போது பாடம் நடத்துகிறானாம். யாரை வைத்துக் கற்றுக்கொண்டான்? உன்னை வைத்துத்தானே? நீ அவனுக்கு ஓசியில் கிடைத்த பாடப் புத்தகமா?

எனக்கு இருபத்தொரு வயது அப்போது. நர்சுப் படிப்பில் இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி. விட்டுவிட்டு வந்தேன். பதினோரு வருஷம் உன்னைப் புரட்டிப் படுக்கவைத்தேன், சோறு ஊட்டினேன். அதற்காக நான் ஒருபோதும் வருத்தப்பட்டதில்லை, இப்போதும் இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் அவன் ஒரு வரிகூட எழுதவில்லையே வெர்ன். ஒருமுறை வந்தான், ஓர் அறை வாங்கினான், போனான். இப்போது தொப்பி போட்டுக்கொண்டு சிரிக்கிறான்.

அவன் எல்லார் முன்னாலும் நின்று மன்னிப்புக் கேட்கட்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

ராஸ்


ஜூன் 3
போர்ட் ஹார்லன்

அக்கா,

இதை நான்கு நாளாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன். உட்கார்ந்து படி. கையில் கத்தி வேண்டாம்.

முதலில் ஊர்ச் செய்தி. நீ எழுதியது வெளிவந்த மறுநாள் பயிற்சி மைதானத்தின் வாசலில் யாரோ ஓர் உடைந்த சக்கர நாற்காலியைச் சங்கிலியால் கட்டிவைத்துவிட்டார்கள். ரஸ்க் வீட்டுச் சுவரில் 'முடமாக்கி' என்று எழுதியிருக்கிறார்கள். அவர் மனைவி கடையில் ரொட்டி வாங்கப் போனால் வரிசை விலகி நிற்கிறதாம். ஸ்டெல்லா கடையில் தொங்கவிட்ட 'வருக ரஸ்க்' பலகையைக் கழற்றிவிட்டாள். ஒரு மாதத்துக்கு முன் கெட்சப் பாட்டிலை வைத்துக் கனவு கண்டவள், "அவனுக்காகக் கைதட்ட என் கை வராதுப்பா" என்கிறாள்.

திங்கட்கிழமை அணியின் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். நல்ல கோட்டு, நல்ல குரல். ஒரு காகிதத்தை என் மடியில் வைத்தார்.

"நீங்க ஒரே ஒரு கையெழுத்து போட்டாப் போதும் சார். 'நான் அவரை மன்னிச்சுட்டேன்'னு. ஊரு அடங்கிடும். இல்லைன்னா வெள்ளிக்கிழமை அவரை அனுப்பிடுவோம்."

நான் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மன்னிப்பதற்கு அவர் என்ன செய்தார் அக்கா?

அவர் ஒன்றுமே செய்யவில்லை.

அன்று ஆஷ்பி பள்ளியோடு ஆடிய ஆட்டத்தின் கடைசிப் பகுதி முடியப் போகிறது. பல்கலைக்கழக அணிக்கு ஆள் தேர்ந்தெடுக்க வந்தவர் மேல்வரிசையில் உட்கார்ந்திருந்தார், எனக்குத் தெரியும். பந்து எங்கள் கையிலேயே இருக்க இன்னும் இரண்டு கஜம் முன்னேற வேண்டும். ரஸ்க் குறுக்கே வந்தான். நான் பக்கவாட்டில் கோட்டுக்கு வெளியே போயிருக்கலாம். போகவில்லை. தலையைக் கவிழ்த்துக்கொண்டு அவன்மீது பாய்ந்தேன். அவனைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடினால் அந்த மனிதர் குறித்துக்கொள்வார் என்று நினைத்தேன். பள்ளியில் எங்கள் பயிற்சியாளர் மெக்கிப் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார், தலையைக் கவிழ்க்காதே என்று. ரஸ்க் கடைசி நொடியில் உடம்பைத் திருப்பினான். என்னைக் காப்பாற்றத்தான் திருப்பினான் என்று நினைக்கிறேன். என் உச்சந்தலை அவன் இடுப்பெலும்பில் போய் முட்டியது. நடுவர் பார்த்தது விழுந்து கிடந்த என்னையும் நின்றுகொண்டிருந்த அவனையும்தான். தவறு அவன் பக்கம் என்று கொடியை எறிந்துவிட்டார்.

ஆறு வாரம் கழித்து மெக்கிப் ஆட்டத்தின் வீடியோ நாடாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். நீ அப்போது அம்மாவை வீட்டில் விடப் போயிருந்தாய். இருவரும் பார்த்தோம். மூன்று முறை பார்த்தோம். "இதை எல்லார்கிட்டயும் சொல்லிடுவோமா வெர்ன்?" என்றார். நான், "இப்ப வேண்டாம்" என்றேன்.

ஏன் என்று சொல்கிறேன். நான் விழுந்த முதல் இரண்டு வாரம் அம்மா ஒரு வாய் சாப்பிடவில்லை. உனக்கு நினைவிருக்கும். அவனை அறைந்த அன்று மாலைதான் சூப் குடித்தாள். அவள் கையில் ஒரு கோபம் கிடைத்தது, அதைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அதை அவளிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

அது பாதி உண்மை. மீதியையும் சொல்லிவிடுகிறேன். நீ படிப்பை விட்டுவிட்டு வந்து என் கட்டிலருகே உட்கார்ந்தாய். இது நானே செய்துகொண்டது என்று தெரிந்தால் நீ எழுந்து போய்விடுவாயோ என்று பயந்தேன். பதினேழு வயதில் பயந்தேன். பிறகு இருபது வயதில், முப்பது வயதில். அதற்குப் பிறகு சொல்ல முடியாத அளவுக்கு நாள் போய்விட்டது. மெக்கிப்பும் போய்ச் சேர்ந்துவிட்டார். நாடா என் அலமாரியில் இருக்கிறது.

காகிதத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை.

வெர்ன்


ஜூன் 15
கப்பலில்

வெர்னன்,

கடிதம் கிடைத்தது.

காலை உணவுக்கு முட்டை உடைத்துக்கொண்டிருந்தேன். படித்துவிட்டு மறுபடி போய் உடைத்தேன். டியூயி வந்து கையைப் பிடித்து நிறுத்தினான். எத்தனை பேருக்கு என்று கேட்டான். இருபத்திரண்டு பேருக்கு நூற்றுப்பத்து முட்டை உடைத்திருந்தேன்.

எனக்கு எழுதாதே. தொலைபேசியும் வேண்டாம்.


ஜூலை 10
போர்ட் ஹார்லன்

அக்கா,

எழுதாதே என்றாய். இதை நீ பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதால் மட்டும் எழுதுகிறேன். கிழித்துப் போட்டாலும் சரி.

கோட்டுக்காரர் சொன்ன வெள்ளிக்கிழமைக்கு முன்னால், வியாழக்கிழமை, நாடாவோடு பயிற்சி மைதானத்துக்குப் போனேன். உன்னிடம் சொல்வதற்கு முன்பு அவரிடம் சொல்லக் கூடாது என்று நினைத்தேன், கடிதம் உன்னை வந்து சேர நாளாகும் என்பது மண்டையில் உறைக்கவில்லை. ரஸ்க் அறையில் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த புத்தகங்களை அப்படியே போட்டுவிட்டு நிமிர்ந்து நின்றார். கன்னத்தில் இன்னோர் அறை வாங்கத் தயாராக நிற்கிறவர் மாதிரி.

"இதைப் பாருங்க" என்றேன்.

பார்த்தார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். கால் நீட்டி, குழந்தை உட்காருவது போல. மைதானத்தில் புல் வெட்டும் இயந்திரம் போய்க்கொண்டிருந்தது, அது இரண்டு முறை கடந்து போன பிறகுதான் வாய் திறந்தார்.

"இது உங்ககிட்ட எப்பலேர்ந்து இருக்கு?"

"அந்த டிசம்பர்லேர்ந்து."

"நான் வருஷா வருஷம் அக்டோபர்ல உங்கம்மாவுக்குக் கடிதம் போட்டேன் தெரியுமா? எல்லாம் பிரிக்காமத் திரும்பி வந்துச்சு. எங்கப்பா சாகிற வரைக்கும் என்னைப் பார்த்து, 'எப்படிடா உனக்கு மனசு வந்துச்சு'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. நான் பசங்களுக்குச் சொல்லித் தர்றதெல்லாம், தலையை ஒதுக்கு, தோளைக் கொடு, எல்லாமே நான் செஞ்சிட்டேன்னு நினைச்ச ஒண்ணுலேர்ந்து வந்தது. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்."

"மன்னிச்சிடுங்க."

"இன்னிக்கு என்னால முடியாது" என்றார். எழுந்து வெளியே போய்விட்டார். கதவைச் சாத்தக்கூட இல்லை.

அவர் மன்னிப்பார் என்று நான் எதிர்பார்த்துப் போயிருக்கிறேன். அந்த நிமிடம் வரை எனக்கே அது தெரியாது.

மறுநாள் காலை பத்திரிகை அலுவலகத்தில் நாடாவைக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஊரே பார்த்துவிட்டது. ரஸ்க் வேலையில் இருக்கிறார். சுவரைக் கழுவப் பத்து இருபது பேர் போனார்களாம். மதுக்கடைக்குப் போனேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பட் ஒலின்ஸ்கி தன் பீரை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனான். ஸ்டெல்லா மட்டும் பக்கத்தில் வந்து குனிந்து, "சுவத்துல எழுதினது என் தம்பி பையன்தான் வெர்ன். நான் இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ரஸ்க் சம்சாரம் முன்னாடி போய் நிப்பேன்?" என்றாள்.

உன் பெயருக்கு எந்தக் களங்கமும் வராதபடி எழுதச் சொன்னேன். உனக்குத் தெரியாது என்று தெளிவாகப் போட்டிருக்கிறார்கள்.

வெர்ன்


செப்டம்பர் 14
போர்ட் ஹார்லன்

அக்கா,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றுமில்லை. கப்பல் மூன்று முறை நம் துறைமுகத்துக்கு வந்துபோனதைப் பத்திரிகையில் பார்த்தேன்.

நேற்று முதல் ஆட்டம். நான் வீட்டிலிருந்தே பார்த்தேன், மைதானத்துக்குப் போக முகமில்லை. ஸ்டெல்லா சொன்னது சொன்னபடி நடந்தது. நான்கு பேர்தான் பாய்ந்தார்கள், ஒவ்வொரு முறையும் வேறு நான்கு பேர். எதிரணியின் பந்து எறிபவன் யார் வருகிறார்கள் என்று தெரியாமல் திருதிருவென்று விழித்தான். பத்தே புள்ளிதான் கொடுத்தோம். நாம் எடுத்தது ஏழு. தோற்றுவிட்டோம். ஆனாலும் ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். தோற்ற அணிக்கு நம் ஊர் கைதட்டி நான் பார்த்ததில்லை.

இதை எழுதக் காரணம் வேறு. ஆகஸ்ட் கடைசியில் ரஸ்க் தொலைபேசியில் கூப்பிட்டார். நலம் விசாரிக்கவில்லை.

"அந்த நாடாவை என் பசங்களுக்குக் காட்டணும். நீங்க சரின்னு சொன்னா."

"காட்டுங்க" என்றேன்.

"சும்மா காட்டினா அவங்களுக்கு உறைக்காது. பக்கத்துல நீங்க இருக்கணும்."

போனேன். ஐம்பத்து மூன்று பேர், ஒவ்வொருவனும் கதவளவு ஆள். விளக்கை அணைத்துப் படத்தை ஓடவிட்டார். நான் விழுந்ததும் அறையில் யாரோ 'ஐயோ' என்றான். விளக்கு வந்ததும் எல்லாரும் என்னைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார்கள். நான் பேசினேன். பல்கலைக்கழக ஆள், இரண்டு கஜம், எல்லாவற்றையும். இந்தப் பருவம் சேர்ந்த ஒரு பையன் கையைத் தூக்கி, "சார், அந்த ரெண்டு கஜம் கிடைச்சுதா?" என்று கேட்டான். பக்கத்தில் இருந்தவன் அவன் மண்டையில் ஒன்று போட்டான்.

இருபத்தாறு வருஷத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. "ஒரு கஜம்தான்" என்றேன்.

வெளியே வரும்போது ரஸ்க் என் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். நாங்கள் நண்பர்கள் ஆகிவிடவில்லை, ஆவோம் என்றும் தோன்றவில்லை. நான் வண்டியில் ஏறியதும் இடுப்புப் பட்டையை இழுத்துச் சரியாகப் போட்டுவிட்டார்.

வெர்ன்


நவம்பர் 8
ஈரி ஏரி

வெர்ன்,

மே மாதத்தில் நான் எழுதியதைப் போட்ட அதே பக்கத்தில் போன வாரம் இன்னொன்று போட்டிருக்கிறார்கள். பார்த்திருப்பாய். 'நான் சொன்னது பொய், தெரியாமல் சொன்ன பொய்' என்று தொடங்கும். அதை எழுத நான்கு மாதம் ஆயிற்று. எழுதி எழுதி ஏரியில் போட்டேன்.

அக்டோபரில் கப்பல் நம் துறைமுகத்தில் நின்றபோது ரஸ்க் வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை. மனைவிதான் கதவைத் திறந்தாள். யார் என்று சொன்னேன். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"மன்னிப்புக் கேக்க வந்தேம்மா. நான் எழுதினதாலதான உங்களுக்கு இவ்வளவும்."

"நீங்க நம்பினதத்தான எழுதினீங்க" என்றாள். பிறகு, "எங்க கல்யாணத்தன்னிக்கு ராத்திரி அவரு எங்கிட்ட முதல்ல சொன்னது உங்க தம்பியப் பத்தித்தான். நானும் நம்பினேன். என் புருஷன் அப்படிப்பட்டவர்னு நம்பிக்கிட்டேதான் இருபது வருஷம் குடும்பம் நடத்தினேன். அந்த இருபது வருஷத்தை யாருகிட்டப் போய்த் திருப்பிக் கேக்குறதுன்னு எனக்குத் தெரியலை" என்றாள்.

படியிறங்கி வந்துவிட்டேன்.

அங்கிருந்து உன் தெருவுக்கு வந்தேன். உன் வீட்டுச் சன்னல் தெரிகிற இடம்வரை வந்து திரும்பிவிட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன். இனி நம் இரண்டு பேருக்கும் நடுவில் சொல்லாமல் விட்டது எதுவும் வேண்டாம்.

நான் உன்மேல் கோபமாக இருக்கிறேன். இது தீர நாளாகும். அம்மா ஒரு குற்றமற்றவனை வெறுத்துக்கொண்டே செத்தாள், நானும் அவளோடு சேர்ந்து வெறுத்தேன். என் வாழ்க்கையின் பாதியை அந்த வெறுப்பின் மேல்தான் கட்டியிருக்கிறேன். இப்போது அதைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை. அது என்னை உலுக்கிவிட்டது. இன்னும் உலுக்குகிறது.

ஆனால் உன் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. அதற்கு மட்டும் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உன் தவறு என்று தெரிந்தால் நான் எழுந்து போய்விடுவேன் என்று பயந்தாயாம். முட்டாள். நீ விழுந்தாய், அதனால் இருந்தேன். யார் தள்ளியது என்று கேட்டுக்கொண்டா உன் பக்கத்தில் உட்கார்ந்தேன்? பதினோரு வருஷம் நீ என்னை அவ்வளவு குறைவாக மதிப்பிட்டுக்கொண்டே நான் ஊட்டிய சோற்றைத் தின்றிருக்கிறாய். நாடாவை மறைத்ததைவிட இதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

இருபத்திரண்டாம் தேதி கப்பலுக்குப் பழுது பார்க்கிற வேலை, மூன்று நாள் கரையில் இருப்பேன். அந்த ஞாயிறு ஸ்டோக்கர்ஸுக்கு உள்ளூர் ஆட்டம். ஆறு வெற்றி, மூன்று தோல்வி என்று வானொலியில் சொன்னார்கள். கடைசி நான்கு ஆட்டத்தில் யாரும் நம்மீது பதினைந்து புள்ளி தாண்டவில்லையாம். டியூயிகூட ஸ்டோக்கர்ஸ் தொப்பி வாங்கிவிட்டான்.

இனிமேலும் முகமில்லை என்று வீட்டில் உட்காராதே. இரண்டு சீட்டு வாங்கு, உன் நாற்காலிக்கு ஓர் இடம், பக்கத்தில் எனக்கு ஒன்று. நான் உன்னோடு பேச மாட்டேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நம் தடுப்பாட்டக்காரர்கள் களத்தில் இறங்கும்போது மட்டும் தொண்டை கிழியக் கத்துவேன். அதை உன்னோடு பேசியதாக எடுத்துக்கொள்ளாதே.

ராஸ்